புனிதரின் வாரத்தில் பேனா எடுத்தவன்

என் தம்பி கத்தால்தோ ஒரு வருஷத்துக்குச் சற்று கூடுதலாக தோரெசால்வாவின் மேயராக இருந்தான். அதைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒரு கூட்டம் அவனை டாக்டர் தெமித்ரியின் கைப்பொம்மை என்கிறது. இன்னொரு கூட்டம் புனிதரையே அவமதித்த பாவி என்கிறது. இரண்டு கூட்டமும் என் கடையில்தான் மீன் வாங்குகிறது. அதனால் இரண்டு பேச்சையும் காது புளிக்கக் கேட்டிருக்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள். தலையில் கூடை சுமந்து தெருத்தெருவாக மத்தி விற்று, அந்தக் கூடையிலிருந்தே மூன்று கடையும் ஒரு குளிர்பதனக் கிடங்கும் எழுப்பியவள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமலேயே அது எப்போது செத்தது என்று சொல்வேன். என் சொந்தத் தம்பி எப்படிப்பட்டவன் என்று சொல்ல இந்தக் கடற்கரையில் என்னைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மீனவன் மகனாகப் பிறந்தும் கத்தால்தோவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. படகு கரையை விட்டு நகர்ந்தாலே வாந்தி எடுப்பான். "உன் தம்பியை மீனுக்கு இரை போடக் கூட்டிட்டுப் போறோம் நுன்சியா, நல்லாக் கக்குறான்" என்று அப்பாவின் கூட்டாளிகள் என்னைக் கிண்டல் செய்வார்கள். அவனுக்குத் துறைமுகத்தில் கயிறு, வலை, பெயின்ட் விற்கும் கடை வைத்துக் கொடுத்தது நான்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைக்கு மேலே ஒற்றை அறையில் தூக்கம், மதியம் என் வீட்டில் சாப்பாடு. அவரை மசியலும் கசப்புக் கீரையும் இருந்தால் போதும், வேறு ஒன்றும் கேட்க மாட்டான்.

அவன் வாயில் "இல்லை" என்ற சொல் வராது. யாராவது நீலப் பெயின்ட் கேட்டு அது கடையில் இல்லாவிட்டால், "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் பக்கத்து ஊருக்குப் போய் வாங்கி வந்து, அதே விலைக்குக் கொடுப்பான். அப்படிப்பட்டவனைத்தான் டாக்டர் தேடி வந்தார்.

டாக்டர் தெமித்ரி ஊரில் பாதிப் பேருக்கு வைத்தியர், ஊர் முழுவதற்கும் மேயர். ஐந்தும் ஐந்தும் பத்து வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார். தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் ஒருவர் மேயராக இருக்கக் கூடாது என்று ரோமில் சட்டம் போட்டுவிட்டார்கள். நடுவில் வேறொருவர் உட்கார்ந்து எழுந்தால், பழையவர் மறுபடி நிற்கலாம். அந்த வேறொருவர் எவ்வளவு காலம் உட்கார வேண்டும் என்று மட்டும் சட்டத்தில் எழுதவில்லை. வலையில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் மீன் அதைத்தான் முதலில் கண்டுபிடிக்கும். டாக்டரும் கண்டுபிடித்தார்.

ஒரு மதியம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நுன்சியாம்மா, உங்க தம்பியை ஒரு வருஷத்துக்கு எனக்கு விட்டுக் குடுங்க."

"எதுக்கு டாக்டர், ஆஸ்பத்திரிக்கு வெள்ளை அடிக்கவா?"

"மேயர் ஆக்க."

கத்தால்தோ கரண்டியைக் கீழே வைத்தான். "எனக்குப் பேச வராதே டாக்டர்."

"அதனாலதாம்ப்பா உன்கிட்ட வந்தேன். பேச்செல்லாம் நான் பாத்துக்கறேன். நான் துணை மேயரா பக்கத்து ரூம்ல இருப்பேன். ஒரு வருஷம் போனதும் உடம்பு முடியலைன்னு எழுதிக் குடுத்துட்டு உன் கயித்துக் கடைக்கு வந்துடு. மறுபடி தேர்தல், மறுபடி நான். யாருக்கும் நஷ்டமில்லை."

கத்தால்தோ என்னைப் பார்த்தான். அவன் பார்த்ததை டாக்டரும் பார்த்தார்.

"அப்புறம் நுன்சியாம்மா, கல்லறைத் தோட்டத்துல பழைய சுவரை ஒட்டியே புதுச் சுவர் எழும்பிட்டிருக்கு. உங்க வீட்டுக்காரருக்குப் பக்கத்து மாடம், மூணாவது வரிசை. அது உங்களுக்குத்தான். நான் சொன்னா சொன்னதுதான்."

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் மண்ணில் புதைப்பது குறைவு. சுவர் எழுப்பி அதில் வரிசை வரிசையாக மாடம் கட்டி, பெட்டியை உள்ளே தள்ளி, கல்லால் மூடி, கல்லில் போட்டோவைப் பதிப்போம். அடி வரிசையை நாய் நனைக்கும். மேல் வரிசைக்குப் பூ வைக்க ஏணி வேண்டும். மூன்றாவது வரிசைதான் ஆளின் முகத்துக்கு நேராக வரும். பார்க்க வருகிறவர் குனியவும் வேண்டாம், அண்ணாந்து பார்க்கவும் வேண்டாம். வாழ்நாளெல்லாம் குனிந்து மீன் பொறுக்கியவள் நான். செத்த பிறகாவது நாலு பேர் என் முகத்தை நேருக்கு நேர் பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டேன். தம்பி மேயர் ஆவதும் எனக்குக் கசக்கவில்லை. தலையில் கூடை சுமந்தவளின் தம்பி மேயரின் மூவர்ணப் பட்டையைத் தோளில் போட்டு நடந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

"போடா, ஒரு வருஷம்தானே" என்றேன். அவன் சரி என்று தலையாட்டினான்.

ஜெயித்தான். டாக்டரின் ஓட்டெல்லாம் அப்படியே அவனுக்கு விழுந்தது. முதல் சில மாதம் பக்கத்து அறையிலிருந்து காகிதம் வரும், இவன் கையெழுத்துப் போடுவான். மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது, "இன்னிக்கு எதுல போட்டே?" என்று கேட்பேன். "தெரியலைக்கா, ரெண்டு பக்கம் இருந்துச்சு" என்பான்.

பிறகு ஒரு நாள் அசுந்தா அவனைப் பார்க்க வந்தாள். வலை பின்னிய மிம்மோவின் விதவை. பயந்த சுபாவம், டாக்டர் மேயராக இருந்தவரை அந்தப் படிக்கட்டை மிதித்தவளே இல்லை. கயிற்றுக் கடைக்காரன்தானே என்ற தைரியத்தில் வந்திருக்கிறாள்.

"கத்தால்தோ, என் புருஷன் செத்து மூணாவது வருஷம் ஓடுது. இன்னும் கொட்டகையிலதான் கிடக்கான்."

மாடம் கிடைக்காதவர்களின் பெட்டிகளைத் துத்தநாகத் தகடு வைத்து மூடி, கல்லறைத் தோட்டத்தின் பின்னாலுள்ள கொட்டகையில் அடுக்கி வைப்பார்கள். அது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் உள்ளே போய் யாரும் பார்ப்பதில்லை. கத்தால்தோ அவளோடு போய்ப் பார்த்தான். பதினொரு பெட்டிகள், ஒன்றின் மேல் ஒன்றாக, மீன் பெட்டி அடுக்கின மாதிரி. மிம்மோ அடியில் இருந்தார். அசுந்தா கொண்டுபோன பூவை வைக்க இடமில்லாமல் தரையில் வைத்தாளாம். வெளியே வந்தால் புதுச் சுவர், வெள்ளை அடித்து, வாய் திறந்த பதினொரு மாடங்களோடு நிற்கிறது.

அன்றைக்கு என் வீட்டில் அவன் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. நேராக டாக்டரிடம் போய்க் கேட்டிருக்கிறான்.

"அந்த மாடமெல்லாம் யாருக்கு டாக்டர்?"

"நமக்கு வேண்டியவங்களுக்கு."

"அவங்க யாரும் இன்னும் சாகலையே."

"செத்தவன் ஓட்டுப் போட மாட்டான் கத்தால்தோ" என்று டாக்டர் சிரித்திருக்கிறார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டாக்டர் உயிரோடு இருப்பவர்களுக்கு மாடத்தைச் சொல்லி வைத்திருந்தார். சொன்னதைக் கொடுக்க அவர் நாற்காலிக்குத் திரும்பியாக வேண்டும். கொடுத்துவிட்டால் அந்தக் குடும்பங்களின் ஓட்டு அவரைவிட்டு எங்கே போகும்?

செத்த தேதி வரிசைப்படி மாடம் கொடுக்க ஓர் உத்தரவு தயார் செய்யச் சொல்லி கத்தால்தோ நகரசபைச் செயலரிடம் கேட்டான். அந்தச் செய்தி டாக்டர் காதுக்குப் போக ஒரு காபி குடிக்கிற நேரம்தான் ஆனது. இரண்டு நாளில் அவரே எழுதிய ராஜினாமாக் கடிதத்தோடு வந்துவிட்டார். இதயம் பலவீனமாக இருக்கிறது, ஓய்வு தேவை என்று எழுதியிருந்தது.

"வருஷம் முடிஞ்சது. வாக்கு குடுத்திருக்கே."

வாக்கு கொடுத்தது உண்மைதான். என் தம்பி கையெழுத்துப் போட்டான்.

டாக்டர் நினைத்திருந்தால் தன் கட்சி உறுப்பினர்களை விட்டே அவனைக் கவிழ்த்திருக்கலாம். ஆனால் தான் உட்கார வைத்தவனைத் தானே தள்ளினார் என்று பேர் வரும். நோயாளி தானாக விலகினான், ஊர் கெஞ்சியது, டாக்டர் திரும்பி வந்தார் என்றால் அழகாக இருக்கும். நோய்க்குச் சான்று சொல்லவும் அவரே டாக்டர்.

அடுத்த நாளிலிருந்து அவன் கடைக்குக் கோழி ரசம் வந்து குவிந்தது. பெண்கள் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எருமை மாதிரி இருந்தவன், நாலு நாளில் நெஞ்சைத் தடவ ஆரம்பித்தான். "ராத்திரி படபடன்னு அடிச்சுக்குதுக்கா" என்றான்.

"அது இதயம் இல்லடா, மனசாட்சி. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கு" என்றேன். சும்மா சொன்னேன். அவன் அதைப் பிடித்துக்கொண்டான்.

ஒரு வாரம் கழித்து, நான் கணவாய் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது வந்து நின்றான்.

"அக்கா, கடுதாசியைத் திரும்ப வாங்கப் போறேன். இருபது நாளுக்குள்ள எழுதிக் குடுத்தா வாங்கிக்கலாமாம். செயலர் சொன்னார்."

"வாங்கி?"

"அந்தப் பதினொரு பேரையும் உள்ள வெச்சுடறேன். அப்புறம் என்ன வேணா நடக்கட்டும்."

"வாக்கு?"

"நாற்காலியை விட்டு எந்திரிக்கறேன்னுதான் வாக்கு குடுத்தேன். மிம்மோவைக் கொட்டகையிலயே விட்டுட்டு எந்திரிக்கறேன்னு சொல்லலையே." கொஞ்ச நேரம் கால் மாற்றி நின்றான். "மாடமும் பதினொண்ணுதான் இருக்குக்கா. உன்னோடதும் அதுல ஒண்ணு."

என் கை நின்றது. கணவாய் மை முழங்கை வரை வழிந்தது.

"அப்போ உன் அக்காவை எங்கடா வைப்பே? ஐஸ் பெட்டியிலயா?"

"உன் முறை வரும்போது..."

"என் முறை வரும்போது அதைப் பாக்க நான் இருக்க மாட்டேனே! கடை வெச்சுக் குடுத்தது யாரு? தினம் சோறு போடறது யாரு? இந்த ஊர்ல யார்கிட்டயும் எதையும் சும்மா வாங்காதவ நான். ஒரே ஒரு இடம், உன் அத்தான் பக்கத்துல, முகத்துக்கு நேரா. அதையும் புடுங்கி, என் மீன் நாறுதுன்னு ஊரெல்லாம் சொன்னவனுக்குக் குடுக்கப் போறியா?"

மிம்மோ அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். என் கடையில் ஒரு நெத்திலிகூட வாங்கியதில்லை.

"ஆமாக்கா" என்றான் கத்தால்தோ.

என்னிடம் முதல் தடவையாக விட்டுக்கொடுக்காமல் பேசினான். வெளியே போடா என்றேன், போனான். போகும்போது காலண்டரைப் பார்த்தவன் இருபது நாளை விரல்விட்டு எண்ணினான். நானும் பார்த்தேன். கடைசி நாள் வியாழக்கிழமை. எங்கள் ஊர்க் காவலரான புனித லெயூச்சியோவின் வாரத்தில் விழுகிறது.

திருவிழா தொடங்கும் ஞாயிறன்று எங்கள் மேயர் ஊரின் வெள்ளிச் சாவிகளைப் புனிதரின் கையில் மாட்டுவார். அடுத்த ஞாயிறுதான் திரும்ப வாங்குவார். அதுவரை ஊரை ஆள்வது புனிதர். அந்த வாரம் எந்த மேயரும் பேனாவைத் தொடுவதில்லை. போர்க் காலத்தில்கூடத் தொட்டதில்லை என்பார்கள். அந்த வாரம் மேயர் கையெழுத்துப் போட்டால் கடல் கணக்குத் தீர்க்கும் என்பது ஊரின் நம்பிக்கை. டாக்டருக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனால் எங்களுக்கு உண்டு என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கடைசி நாள் எங்கே விழும் என்று எண்ணிப் பார்த்துத்தான் கடிதம் கொண்டுவந்திருக்கிறார்.

"ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடியே குடுத்துடலாமே" என்று படிக்கிறவர்கள் கேட்கலாம். கத்தால்தோவும் அப்படித்தான் வெள்ளிக்கிழமை போனான். செயலர் விடுப்பில் போயிருந்தார். கையெழுத்தும் கொடுக்கிற அன்றைக்கே போட்டதாக இருக்க வேண்டுமாம்; வாங்கிக்கொள்ள ஆளில்லை, புதன் சாயங்காலம்தான் வருவார் என்றார்கள். விடுப்பைக் கொடுத்தது துணை மேயர்.

ஞாயிறு வந்தது. என் தம்பி பட்டையைப் போட்டுக்கொண்டு சாவிகளைப் புனிதரின் கையில் மாட்டினான். சாவி இரண்டு தடவை அவன் கையிலிருந்து நழுவியதைப் பார்த்தவர்கள் "பாவம், இதயம்" என்றார்கள். நான் அவனோடு பேசவில்லை. மதியச் சாப்பாட்டுக்கும் அவன் வரவில்லை. அவன் தட்டை எடுத்து வைக்கவும் எனக்கு மனம் வரவில்லை, மேசையிலேயே கிடந்தது.

புதன்கிழமை ஃபாதர் வீத்தோவிடம் போயிருக்கிறான். "சாமி, சாவியை ஒரே ஒரு நாளைக்குக் குடுங்க. மறுபடி மாட்டிடறேன்."

"புனிதர் கை என்னடா, கோட்டு மாட்டற ஆணியா? மாட்டறதுக்கும் எடுக்கறதுக்கும்?" என்று விரட்டிவிட்டார்.

வியாழக்கிழமை பவனி. சுரூபத்தைப் படகில் ஏற்றித் துறைமுகத்தைச் சுற்றி வந்து, சப்பரத்தில் வைத்துத் தோளில் தூக்கி, நகரசபைக்கு முன்னால் கொண்டுவருவார்கள். ஊரே அங்கே நின்றது. நானும் கறுப்பு உடையும் தங்கச் சங்கிலியுமாக முன்வரிசையில் நின்றேன். சப்பரத்துக்குப் பின்னால் டாக்டர் வந்தார். நகரசபைப் படியில் கத்தால்தோ நின்றான். அவன் பின்னால் கதவு திறந்திருந்தது, செயலர் முத்திரையோடு உள்ளே உட்கார்ந்திருந்தார். கடைசி நாள், வேலை நேரம் முடியப் போகிறது.

சப்பரம் அருகில் வந்ததும் கத்தால்தோ படியிறங்கி, மண்டியிட்டு, சட்டைப் பையிலிருந்து காகிதத்தையும் பேனாவையும் எடுத்தான். புனிதரின் காலடியில், சப்பர விளிம்பில் காகிதத்தை வைக்கப் போனான். மேயர் நீதான், உன் முன்னால்தான் போடுகிறேன் என்று சொல்கிற மாதிரி.

"டேய், கையை எடுடா!" என்று முன்னால் தோள் கொடுத்திருந்த மீனவன் கத்தினான். தூக்கினவர்கள் எல்லாரும் ஓர் அடி பின்வாங்கினார்கள். சப்பரம் ஆடியது, சாவிகள் கலகலத்தன. பேண்டு வாத்தியம் பாதியில் நின்றது. காகிதத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் தம்பி மண்டியிட்டபடியே இருந்தான்.

டாக்டர் முன்னால் வந்தார். குரலில் தேன். "உடம்பு சரியில்லாத ஆளு, புத்தி தடுமாறுது. யாராச்சும் கைத்தாங்கலா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

இரண்டு பேர் நகர்ந்தார்கள். கத்தால்தோ யாரையும் பார்க்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் அசுந்தா ஒருத்தி மட்டும் முக்காட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள், அவளைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். டாக்டர் தேடி வந்த அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் பார்த்தானே, அதே பார்வை.

நான் போனேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவனுக்கு முன்னால் குனிந்து நின்றேன்.

"என் முதுகுல வெச்சுப் போடுடா. சீக்கிரம். இந்த முதுகு இதைவிடப் பெரிய பாரமெல்லாம் தூக்கியிருக்கு."

பேனா முனை உடைக்கு மேலாக என் முதுகெலும்பில் ஓடியதை இன்றைக்கும் உணர்கிறேன். ஒரு கூட்டத்தின் முன்னால் என்னைக் குனியவைத்த ஒரே ஆள் என் தம்பிதான். அவனுக்காகக் குனிந்ததில் எனக்கு வெட்கமில்லை. எழுதி முடித்ததும் படியேறி ஓடினான். உள்ளே முத்திரை விழுந்த சத்தம் வெளியே வரை கேட்டது. அவ்வளவு அமைதி.

யாரும் கை தட்டவில்லை. ஒரு கிழவர் அவன் நின்ற இடத்தில் துப்பினார். பேண்டு மறுபடி தொடங்கியது, சப்பரம் நகர்ந்தது.

ஞாயிறன்று ஃபாதர் வீத்தோ சாவியை அவன் கையில் கொடுக்கவில்லை. பீடத்தின் விளிம்பில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். இவனே எடுத்துக்கொண்டான். திங்களன்று உத்தரவு போட்டான். அந்த வாரத்துக்குள் பதினொரு பெட்டிகளும் மாடத்துக்குப் போய், கல் வைத்துப் பூசப்பட்டன. டாக்டரின் கட்சி உறுப்பினர்கள் சபையில் பாதிக்கு மேல் ஆள் சேர்த்து, நோட்டரியிடம் போய் ஒன்றாக ராஜினாமா எழுதினார்கள்; சபை கலைந்தது, அவன் பதவியும் போனது. ஆனால் அதற்குள் சிமென்ட் காய்ந்துவிட்டது. மூடிய கல்லைத் திறக்க நீதிபதி உத்தரவு வேண்டும். டாக்டரால்கூட முடியாது.

அடுத்த வசந்தத்தில் தேர்தல் நடந்தது. நடுவில் ஒருவன் உட்கார்ந்து எழுந்துவிட்டானே, சட்டத்துக்கு அது போதும். டாக்டர் முன்பைவிட அதிக ஓட்டில் ஜெயித்தார். இனி இன்னும் பத்து வருஷம்.

அதற்கு முன்பே, இலையுதிர் காலத்தில், ஒரு புயல் அலைத்தடுப்பை உடைத்து இரண்டு படகுகளைக் கொண்டுபோனது. ஆள் சேதமில்லை. ஆனால் கடல் கணக்குத் தீர்த்துவிட்டது என்றார்கள். புயல் வருஷா வருஷம் வருகிறது என்று நான் கடையில் கத்தினேன். மீனை வாங்கிக்கொண்டு போனார்கள். கத்தால்தோவிடம் கயிறு வாங்க யாரும் வருவதில்லை. கடையைத் திறக்கிறான், துடைக்கிறான், மூடுகிறான். எனக்கு மீன் தரும் படகுக்காரர்களை அவனிடம் வாங்கச் சொன்னேன். அவர்களும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். இந்த ஊரில் என் சொல் எடுபடாமல் போனது அந்த ஒன்றில்தான்.

புயலைப் பற்றி அவனிடம் கேட்டேன். "நிஜமாவே என்னாலதானாக்கா?" என்று திருப்பிக் கேட்டான். இல்லை என்றேன். என் குரலில் எவ்வளவு உறுதி இருந்ததென்று எனக்கே தெரியவில்லை. நானும் இந்த ஊர்க்காரிதான்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரருக்குப் பூ வைக்கப் போகிறேன். பக்கத்து மாடத்தில், மூன்றாவது வரிசையில், என் முகத்துக்கு நேராக, மிம்மோ போட்டோவில் சிரிக்கிறார். என் மீன் நாறுவதாகச் சொன்ன அதே வாய். அசுந்தா அங்கே ஒரு சின்னப் பூச்சாடி வைத்திருக்கிறாள். வாடியிருந்தால் நான் தண்ணீர் ஊற்றுகிறேன்.

போன மாதம் டாக்டர் கடைக்கு வந்து, பழையதெல்லாம் மறந்துவிடலாம், இன்னொரு சுவர் எழும்புகிறது, அதில் நாலாவது வரிசையில் ஒரு மாடம் ஒதுக்கித் தருகிறேன் என்றார். கொட்டகையில் மறுபடி நான்கு பெட்டிகள் சேர்ந்திருக்கின்றன. எனக்குத் தெரியும், கத்தால்தோ போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

"முன்னாடி நாலு பேர் இருக்காங்க டாக்டர். அவங்களுக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லி அவருக்கு வேண்டிய மீனை நிறுத்துக் கொடுத்தேன்.

அன்று மதியம் அதைச் சொன்னபோது கத்தால்தோ சாப்பிடுவதை நிறுத்தினான்.

"அப்போ நீயும் கொட்டகையில கிடக்க வேண்டி வரும்க்கா. எத்தனை வருஷம்னு சொல்ல முடியாது. உள்ள ரொம்பக் குளிரு."

"வாழ்நாளெல்லாம் ஐஸுக்குள்ள கையை விட்டவ நான். எனக்கென்னடா குளிரு? நீ சாப்பிடு."

அவன் சாப்பிடவில்லை. எழுந்துபோய், கடையில் விற்காமல் மிஞ்சிய கயிற்றில் ஒரு சுருளை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனான். அந்தக் கொட்டகைக் கதவுக்குக் கொக்கி இல்லை, காற்றில் அடித்துக்கொண்டே இருக்கிறதாம். அதைக் கட்டி வைக்கப் போகிறானாம்.